பட்டியலில் பெயர் இல்லை... அதனால் என்ன?

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம். வீட்டு வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது. என் மகன் உள்ளே வந்தான். காலணி அடுக்கில் வைக்க வேண்டிய காற்பந்துக் காலணியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அதன் வாயைக் கட்டி, ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். வழக்கமாகச் சேற்றோடு வாசலில் கிடக்கும் காலணி அது.

அவனுக்கு 15 வயது. படிவம் மூன்று. காலையில் நடந்த ஒரு தேர்வுச் சுற்றுக்குப் போயிருந்தான். இருநூறு பிள்ளைகளுக்கு மேல் வந்திருந்தார்களாம். மதியம் பட்டியல் ஒட்டினார்கள். அதில் அவன் பெயர் இல்லை.

“சரி விடுங்க, நல்லதுதான். இனிமேலாவது படிப்புல கவனம் வைப்பான். எஸ்பிஎம் வர இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு” என்றார் என் மனைவி. நான் பதில் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குள்ளும் ஒரு நிம்மதி. வாரம் மூன்று மாலை, கோலாலம்பூரில் வேலை முடித்து, கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்கு ஓடி வந்து, அவனைப் பயிற்சிக்கு ஏற்றிச் செல்லும் அலைச்சல் இனி இல்லை அல்லவா?

அந்த நிம்மதி இரண்டு நாள்கூட நீடிக்கவில்லை. திங்கட்கிழமை மாலை மாமா வந்தார்.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. நாடு விடுதலை பெற்ற 1957-ஆம் ஆண்டு பிறந்தவர். காப்பார் சாலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்து, போர்ட் கிள்ளானில் கிடங்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் என் மகனிடம் பேசவில்லை. என்னிடம்தான் கேட்டார்.

“மாப்ளே, ஷா ஆலாமுக்கு நாம போனது ஞாபகம் இருக்கா?”

மறக்க முடியுமா?

கப்சாயில் போன உலகப் போட்டி

1997 ஜூன், ஜூலை மாதங்களில் உலக இளையோர் காற்பந்துப் போட்டி நம் நாட்டில் நடந்தது. 20 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கிண்ணம் என்று இன்று சொல்கிறோமே, அதேதான். முதன்முறையாக 24 நாடுகள் கலந்துகொண்ட பதிப்பு அது. இறுதியாட்டம் ஜூலை 5, சனிக்கிழமை, ஷா ஆலாம் அரங்கில்.

எனக்கு அப்போது 14 வயது. மாமாவின் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கென்றே ஓடும் தனிப்பாதையில் போனோம். அந்தப் பாதையில் டோல் இல்லை என்பதில் மாமாவுக்கு ஒரு சந்தோஷம். அரங்கு வாசலில் கச்சாங் பூத்தே ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். எண்பதாயிரம் பேர் உட்காரும் அரங்கு. மேலே வளைந்து நின்ற அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தபடியே படியேறி, இரண்டு முறை தடுக்கினேன்.

நம் பிள்ளைகள் அதற்குள் வெளியேறிவிட்டார்கள். போட்டியை நடத்திய நாடு என்ற முறையில் நேரடியாக இடம் பெற்ற மலேசியா, குழு ஆட்டங்கள் மூன்றிலும் தோற்றது. அதற்குப் பிறகு இன்றுவரை இந்தப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு நாம் மீண்டும் தகுதி பெற்றதில்லை.

இறுதியில் மோதியவை அர்ஜென்டினாவும் உருகுவேயும். உருகுவே முதல் கோலை அடித்தது. பிறகு அர்ஜென்டினாவுக்குச் சமன் செய்த கோலை அடித்த பையனைக் காட்டி, “அவனுக்கு உன்னைவிட ரெண்டு வயசுதான் அதிகம்” என்றார் மாமா. எஸ்தெபான் காம்பியாசோ. அன்று அவருக்கு 16 வயதுதான். இடைவேளைக்கு முன்பே டியேகோ கின்தானா இரண்டாவது கோலைப் போட்டார். இரண்டாம் பாதியில் யாரும் கோல் அடிக்கவில்லை. 2-1. கிண்ணம் அர்ஜென்டினாவுக்கு.

நாங்கள் வீடு திரும்பிய பாதையில் ஒரே பேச்சு, ரிக்கெல்மே. பந்தைக் காலில் ஒட்டவைத்தது போல ஆடிய அந்த 19 வயது இளைஞன்.

அப்போது எங்களுக்குத் தெரியாது, அந்த வாரம் வேறொன்றும் தொடங்கிவிட்டது என்று. ஜூலை 2-ஆம் தேதி தாய்லாந்து தன் பாட் நாணயத்தின் பிடியைத் தளர்த்தியது. அடுத்த சில மாதங்களில் ரிங்கிட் சரிந்தது. மாமாவின் கிடங்கில் ஓவர்டைம் நின்றது. அந்த இறுதியாட்டத்துக்கு அவர் வாங்கிய இரண்டு டிக்கெட்டுகள்தான் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு அவர் செய்த கடைசி ஆடம்பரம்.

அன்று அங்கே ஆடியவர்கள்

அந்த மூன்று வாரங்களில் நம் நாட்டுத் திடல்களில் ஓடிய பிள்ளைகளின் பட்டியலை இப்போது பார்த்தால் வியப்பாக இருக்கிறது. பிரான்ஸ் அணியில் தியரி ஆன்ரி, டேவிட் திரெசகே. அடுத்த ஆண்டே இருவரும் உலகக் கிண்ணம் வென்ற பெரிய அணியில் இருந்தார்கள். இங்கிலாந்து அணியில் 17 வயது மைக்கல் ஓவன். ஜப்பான் அணியில் ஷுன்சுகே நகமுரா. மூன்றாம் இடம் பிடித்த அயர்லாந்து அணியில் டேமியன் டஃப்.

ஆனால் மாமா எனக்கு நினைவூட்டியது இந்தப் பெயர்களை அல்ல. அவர் கேட்டது ஒரே கேள்வி: “அர்ஜென்டினா அந்தப் போட்டியில ஒரு தடவ தோத்துச்சே, யார்கிட்ட?”

ஆஸ்திரேலியாவிடம். குழு ஆட்டத்தில் 3-4 என்று தோற்றார்கள். அதற்குப் பிறகு இங்கிலாந்தை 2-1 என்றும், பிரேசிலை 2-0 என்றும், அயர்லாந்தை 1-0 என்றும் வென்று இறுதிக்கு வந்தார்கள்.

அந்த பிரேசில் சாதாரண அணி இல்லை. தென்கொரியாவை 10-3 என்றும், பெல்ஜியத்தை 10-0 என்றும் துவைத்து எடுத்த அணி. கொரியாவுக்கு எதிராக அடாயில்தோன் என்ற ஒரே ஆட்டக்காரர் ஆறு கோல் அடித்தார். மொத்தம் பத்து கோல்களுடன் போட்டியின் தங்கக் காலணியும் அவருக்கே. அன்றைக்கு யாரைக் கேட்டிருந்தாலும், அடுத்த ரொனால்டோ இவர்தான் என்று சொல்லியிருப்பார்கள். அவர் பிறகு இத்தாலியக் கிளப்புகளில் நெடுங்காலம் ஆடி மரியாதையாகப் பிழைத்தார். ஆனால் பிரேசிலின் பெரிய அணியில் அவர் பெயர் நிலைக்கவில்லை.

அந்த பிரேசிலைத் தோற்கடித்த கால் இறுதியில் அர்ஜென்டினாவுக்குக் கோல் போட்டவர்களில் ஒருவரை நாங்கள் யாரும் கவனித்திருக்கவில்லை. வலப்பக்கம் ஓடி ஓடி உழைக்கும் வகை ஆட்டக்காரர். நட்சத்திரம் என்று சொல்ல முடியாது. பெரியவர் ஆன பிறகும் தேசிய அணிக்காக ஏழு ஆட்டங்கள்தான் ஆடினார். அவர் பெயர் லியோனல் ஸ்கலோனி.

ஆமாம், அவரேதான். 2022 டிசம்பரில் கட்டாரில் மெஸ்ஸியின் கையில் உலகக் கிண்ணம் வந்தபோது அந்த அணியின் பயிற்றுநர். அவருக்குத் துணையாக இருந்தவர்களில் இருவர் பாப்லோ அய்மாரும் வால்டர் சாமுவெலும். இருவருமே 1997-இல் ஷா ஆலாமில் கிண்ணம் வென்ற அணியின் பிள்ளைகள். அந்த அர்ஜென்டினாவும் கட்டாரில் முதல் ஆட்டத்தில் சவூதி அரேபியாவிடம் 1-2 என்று தோற்றது உங்களுக்கு நினைவிருக்கும். தோல்விக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அந்த மூவரும் 25 ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊரில் படித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும்.

இன்னொரு தகவல். 1997-இல் அந்தப் பிள்ளைகளைப் பயிற்றுவித்தவர் ஹோசே பெக்கர்மன். முழங்கால் காயத்தால் ஆட்ட வாழ்க்கை முடிந்து, குடும்பத்தைக் காப்பாற்ற புவெனோஸ் அயர்ஸில் டாக்சி ஓட்டியவர். அதற்குப் பிறகுதான் அர்ஜென்டினாவின் இளையோர் அணியோடு 1995, 1997, 2001 என்று மூன்று முறை உலகப் பட்டம் வென்றார்.

மாமா சொல்லாத கதை

இவ்வளவும் எனக்குத் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றை அன்று மாலைதான் மாமா சொன்னார்.

அவர் வளர்ந்த தோட்டத்தில் எல்லாத் தோட்டங்களிலும் இருந்தவை இருந்தன. லயத்து வீடுகள், மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, ஒரு திடல். காலையில் பால்மரம் வெட்டிவிட்டு வரும் ஆண்கள் மாலையில் அந்தத் திடலில்தான் இருப்பார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பக்கத்துத் தோட்டங்களோடு போட்டி. லாரியில் நின்றுகொண்டே போவார்கள். மாமா கோல் காவலர். 

1975-இல் அவருக்கு 18 வயது. ஊரில் இளையோர் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒருவரிடம் கடன் வாங்கிய காலணியோடு பேருந்து ஏறிப் போனார். “உயரம் போதாது” என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“அடுத்த வருஷம் திரும்பப் போகலையா, மாமா?”

“அடுத்த வருஷம் போகலாம்னு எனக்கு யார் சொன்னா? ஒரு தடவ வேணாம்னு சொன்னா, எப்பவுமே வேணாம்னுதான் நெனச்சேன். அப்பாவும் நல்லதாப் போச்சு, வேலைக்கு வான்னு சொன்னாரு. மறுநாள் காலையில வாளிய எடுத்துக்கிட்டு மரம் வெட்டப் போயிட்டேன்.”

என் மனைவி சொன்னதும் அந்தத் தாத்தா சொன்னதும் ஏறக்குறைய ஒரே வார்த்தை. அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

“அதுக்கப்புறம் மெர்டேக்கா அரங்குல ஆறுமுகத்தப் பாத்தேன்” என்று தொடர்ந்தார். நம் தலைமுறைப் பெற்றோருக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் காத்த ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் வாங்கியவர். 1980-இல் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற அணியின் காவலர். ஆப்கானிஸ்தான் மீதான சோவியத் படையெடுப்பைக் கண்டித்து நம் நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர்களால் போக முடியவில்லை. 1988 டிசம்பரில், 35 வயதில், சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்தார். 2016-இல் வந்த ‘ஓலா போலா’ படத்தில் முத்து என்ற கோல் காவலர் பாத்திரத்தைப் பார்த்து நம்மில் பலர் கண்கலங்கியது அவரை நினைத்துத்தான்.

“அவர் பந்தைப் பாஞ்சு புடிக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமா இருக்கும். கூடவே, இன்னொரு தடவ போயிருக்கலாமோன்னும் இருக்கும்” என்றார் மாமா.

திடல் எங்கே போனது?

நம் சமூகத்தில் காற்பந்து ஆடுவோர் ஏன் குறைந்தார்கள் என்று கேட்டால், ஆர்வம் போய்விட்டது என்கிறார்கள் சிலர். நான் அப்படி நினைக்கவில்லை. போனது திடல்.

தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது குடும்பங்களுக்கு அடுக்குமாடி வீடு கிடைத்தது. கோயிலை எப்படியோ போராடி இடம் மாற்றினோம். பள்ளியையும் பல இடங்களில் காப்பாற்றினோம். திடலுக்காகப் போராட யாருக்கும் தோன்றவில்லை. ஐந்தாவது மாடியிலிருந்து ஒரு பிள்ளை பந்தோடு கீழே இறங்கினால் கார் நிறுத்துமிடம்தான் இருக்கிறது. அங்கே ஆடினால் கண்ணாடி உடையும் என்று திட்டு விழுகிறது.

பிரிக்பீல்ட்ஸிலும் அதே கதைதான். ரயில்வேயில் வேலை பார்த்த தமிழர் குடும்பங்கள் குவார்ட்டர்ஸ்களில் வாழ்ந்த பகுதி அது. ரயில்வே நிலத்தில்தான் இன்று நான் வேலை பார்க்கும் கேஎல் சென்ட்ரல் கட்டடங்கள் நிற்கின்றன. அதற்குப் பக்கத்தில் ஒரு சாலையின் பெயர் ஜாலான் பாடாங் பெலியா. தமிழில் சொன்னால் இளைஞர் திடல் சாலை. மதிய உணவுக்கு அந்த வழியாக நடக்கும்போதெல்லாம் பெயர்ப்பலகையைப் பார்ப்பேன்.

ஷா ஆலாம் அரங்கும் இன்று இல்லை. பழுதடைந்து 2020-இல் மூடப்பட்டு, 2024-இல் புதிய அரங்கு கட்டுவதற்காக இடிக்கத் தொடங்கினார்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் போகும்போது அந்தக் கூரை இருந்த வானம் வெறுமையாகத் தெரிகிறது.

இத்தனைக்கும் ஆசிய இளையோர் காற்பந்துக்குத் தொட்டிலே நம் கோலாலம்பூர்தான். 1959-இல், துங்கு அப்துல் ரகுமான் ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தபோது, முதல் ஆசிய இளையோர் போட்டி இங்கேதான் நடந்தது. இறுதியில் தென்கொரியாவிடம் 1-2 என்று தோற்றது நம் மலாயா. அன்று நாம் கொரியாவோடு இறுதியாட்டத்தில் நின்றோம் என்பதை என் மகனிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை.

ஆறு வாங்கியவர்கள் இறுதிக்கு வந்த கதை

அவன் நம்பியது இன்னொரு கதையை. ஏனென்றால் அதை அவனே பார்த்திருக்கிறான்.

2018 செப்டம்பரில் 16 வயதுக்கு உட்பட்டோருக்கான ஆசியப் போட்டி கோலாலம்பூரில் நடந்தது. அவனுக்கு எட்டு வயது. முதல் ஆட்டத்தில் மலேசியா தஜிகிஸ்தானை 6-2 என்று வென்றது. லுக்மான் ஹக்கிம் மட்டும் நான்கு கோல். அன்று எங்கள் வீட்டில் இவன் சோபாவின் மேல் ஏறிக் குதித்தது இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த இரண்டு ஆட்டங்களில் தாய்லாந்திடமும் ஜப்பானிடமும் தோற்று நாம் வெளியேறினோம். ஆறு கோல் வாங்கிய தஜிகிஸ்தான்? இறுதியாட்டம் வரை போனது. புக்கிட் ஜாலிலில் ஜப்பானிடம் 0-1 என்று மட்டுமே தோற்றது.

“அந்தத் தஜிகிஸ்தான் பசங்க மொத நாள் ராத்திரி என்ன செஞ்சிருப்பாங்க, ஐயா? காலணிய ஸ்டோர் ரூம்ல வச்சிருப்பாங்களா?” என்று கேட்டார் மாமா. என் மகன் முதல்முறையாகச் சிரித்தான்.

பெற்றோர் என்ற முறையில்

இளையோர் போட்டிகளைப் பார்த்து நான் புரிந்துகொண்டது இரண்டு விஷயங்கள்.

ஒன்று, 15 வயதில் ஒட்டப்படும் பட்டியல் அந்த நாளின் பட்டியல் மட்டுமே. வயதுப் பிரிவு என்பது பெரும்பாலும் பிறந்த ஆண்டை வைத்துத்தான். ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவில் நிற்பார்கள். ஏறக்குறைய ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம். இப்படிப்பட்ட தேர்வுகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்த பிள்ளைகளே அதிகம் இடம் பிடிக்கிறார்கள் என்று பல நாடுகளில் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். திறமையைவிட உடம்பு முந்திக்கொள்கிறது. என் மகன் நவம்பரில் பிறந்தவன். இது ஆறுதலுக்காகச் சொல்வதல்ல. காத்திருக்கக் காரணம் இருக்கிறது என்பதற்காகச் சொல்வது.

இரண்டு, பட்டியலில் பெயர் வந்தாலும் அது முடிவல்ல. உலகப் போட்டியில் தங்கக் காலணி வென்றவருக்கே பெரிய அணியில் இடம் நிலைக்கவில்லை. அதனால் படிப்பைக் கைவிடுங்கள் என்று நான் எந்தப் பெற்றோருக்கும் சொல்ல மாட்டேன். இன்று புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியிலும், பகாங் கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமியிலும் பிள்ளைகள் ஆடிக்கொண்டேதான் பள்ளிப் பாடமும் படிக்கிறார்கள். இரண்டில் ஒன்று என்ற நிலை நம் வீட்டில் நாமே உண்டாக்குவது.

நம்மவர்களுக்கு வழி அடைபட்டுவிட்டது என்பதையும் நான் ஏற்கவில்லை. 2009-இல் லாவோஸில் சீ விளையாட்டுத் தங்கம், 2010-இல் இந்தோனேசியாவைக் கூட்டுக் கணக்கில் 4-2 என்று வென்று தென்கிழக்காசியச் சுசுகி கிண்ணம். இரண்டையும் கொண்டுவந்த பயிற்றுநர் கே. ராஜகோபால். அந்த இரண்டு அணிகளிலும் எஸ். குணாளன் இருந்தார். தொலைவான கதைகள் அல்ல இவை.

ஞாயிறு காலை

அன்றிரவு நானும் மனைவியும் வெகுநேரம் பேசினோம். அவர் பயம் வீண் பயம் அல்ல. ஆட்டத்தை நம்பிப் படிப்பை விட்டு, இரண்டும் இல்லாமல் நிற்கும் பிள்ளைகளை அவரும் பார்த்திருக்கிறார். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். பயிற்சி வாரம் இரண்டு நாள். கணிதமும் அறிவியலும் இறங்கினால் ஒரு நாள். அடுத்த ஆண்டு தேர்வுக்கு மீண்டும் போவது. போவதா வேண்டாமா என்பதை அவனே சொல்ல வேண்டும், நாங்கள் அல்ல.

அவன் உடனே எதுவும் சொல்லவில்லை. ஒரு வாரம் ஓடியது.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு மாமா வாசலில் நின்றார். கையில் ஒரு பந்து. “ஐயா, தாத்தா கோல்ல நிக்கிறேன். நீ அடி. மூணுல ஒண்ணு புடிச்சிட்டேன்னா எனக்கு ரொட்டி சானாய் நீதான் வாங்கித் தரணும்.”

68 வயது மனிதர், முட்டி வலிக்கு மருந்து தடவிக்கொண்டு பக்கத்துப் பள்ளித் திடலில் இரண்டு செருப்புகளுக்கு நடுவில் நின்றார். முதல் பந்து அவரைத் தாண்டிப் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதை, என் மகன் மெதுவாக அடித்தானா, மாமா உண்மையிலேயே பாய்ந்தாரா, எனக்குத் தெரியாது. பிடித்துவிட்டார். புல்லில் விழுந்து எழுந்தவர் முகத்தைப் பார்த்தேன்.

மாமாக் கடையில் ரொட்டி சானாய்க்கு என் மகன்தான் பணம் கொடுத்தான். வீட்டுக்கு வந்து சேற்றுக் காலணியைக் கழற்றி வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே போனான்.

“இதை யாரு எடுத்து வைப்பா?” என்று உள்ளிருந்து மனைவியின் குரல் கேட்டது. நான் எடுத்து வைக்கவில்லை. அது வாசலிலேயே கிடக்கட்டும்.